பின்னலாடைக் கம்பெனிகளுக்கு ஒரு டெம்ப்ளேட்: கட்டியதும் விற்றதும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்துக்கொண்டே, இரவு நேரங்களில் இணையப் பக்கங்களை எழுதும் மொழிகளான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டவள் நான். கற்றதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, ஆளுக்கொரு இணையதளமாகக் கட்டித் தருவதைக் காட்டிலும், ஒரே ஒரு டெம்ப்ளேட்டை (வாசகத்தையும் படத்தையும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஆயத்த இணையதள வடிவம்) ஒழுங்காகக் கட்டிப் பலருக்கு விற்பதே எனக்குப் பொருத்தமாகப் பட்டது. பகல் வேலையை விடாமல் செய்ய முடியும் என்பது ஒரு காரணம். இரவு பதினொரு மணிக்கு அழைத்து "அந்தப் பச்சை கொஞ்சம் அடர்த்தியா இருந்தா நல்லாருக்குமுங்க" என்று சொல்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது இன்னொரு காரணம். (இரண்டாவது காரணம் பாதிதான் உண்மை, அதற்குப் பின்னால் வருகிறேன்.) கோவை, ஈரோடு, கரூர்ப் பக்கங்களிலிருந்து இதே வழியில் இறங்க நினைக்கும் சிலர் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் பொதுவான டெம்ப்ளேட்டைப் புதிதாக இறங்குபவர் கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டெம்ப்ளேட்டுகளை இணையத்தில் விற்கும் தீம்ஃபாரஸ்ட் சந்தை 2008 முதல் இயங்கிவருகிறது. பக்கங்களைக் கட்ட உதவும் இலவசக் கருவித்தொகுப்பான பூட்ஸ்டிராப் 2011இல் அப்பாச்சி என்ற திறந்த மூல உரிமத்தின்கீழ் வெளிவந்தது. அதன் மேல் கட்டப்பட்ட இலவசப் பக்கங்கள் இன்று இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் ஒரு முகப்புப் பக்கத்தையே ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அழகிலும் அசைவிலும் அவற்றோடு போட்டி போட நமக்குக் கையும் போதாது, காலமும் போதாது. ஆனால் சிங்கிள் ஜெர்சி, இன்டர்லாக் என்ற இரு பின்னல் துணிகளுக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பக்கங்களைக் கட்டியவர்களுக்குத் தெரியாது. நம்மிடம் விற்பதற்கு இருப்பது அந்தத் தொழிலறிவுதான். கோயம்புத்தூர்க்காரருக்கு மோட்டார் பம்ப், நாமக்கல்காரருக்கு லாரி பாடி, பொள்ளாச்சிக்காரருக்குத் தென்னை நார் என்று ஒவ்வொருவருக்கும் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு தொழில் இருக்கிறது; கொங்கு நாட்டில் பிறந்தவருக்கு அதற்குப் பஞ்சமில்லை.

ஏற்றுமதிக் கம்பெனியின் இணையதளத்தைத் திறக்கும் வெளிநாட்டு பையர் (ஆடைகளை வாங்குபவர்) என்ன தேடுகிறார் என்பதை என் மேசையிலிருந்தே பல முறை பார்த்திருக்கிறேன். "நாங்கள் தரத்தில் சமரசம் செய்வதில்லை" என்ற பத்தியை அவர் படிப்பதே இல்லை. ஒரு நிறத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை பீஸ் ஆர்டர் எடுப்பார்கள், மாதத்துக்கு எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும், ஆர்டர் உறுதியான நாளிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும், நிட்டிங், டையிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி ஆகியவற்றில் எவை சொந்த யூனிட்டில் நடக்கின்றன, எவை வெளியாரிடம் ஜாப் ஒர்க்குக்குப் போகின்றன, என்னென்ன சான்றிதழ்கள் உள்ளன என்பனவே அவருடைய கேள்விகள். பொதுவான டெம்ப்ளேட்டுகளில் இந்தக் கேள்விகளுக்கு இடமே கிடையாது. "எங்கள் குழு" என்று நான்கு வட்டப் படங்களுக்கு இடம் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே என் டெம்ப்ளேட்டின் முகப்பில் பெரிய படத்துக்கு அடுத்தபடியாகவே இந்த ஐந்து விவரங்களும் வரும்படி வைத்தேன்.

படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே இருந்து பார்ப்பவர்கள், துணிக் கம்பெனியின் தளம் என்றால் ஆடைகளின் படங்களால் நிறைந்திருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். உண்மையில் இங்கே தைக்கப்படும் ஆடைகளில் பெரும்பகுதி வெளிநாட்டு பிராண்டுகளுக்குரியது. அந்த டிசைனைத் தன் தளத்தில் போடக் கம்பெனிக்குப் பெரும்பாலும் அனுமதி இருப்பதில்லை. சாம்பிள் அறை முழுக்க டி-ஷர்ட் தொங்கினாலும் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்ற விசித்திரமான நிலை. அதனால் படம் ஒன்றுகூட இல்லாமலேயே நிற்கக்கூடிய பொருட்பக்கம் ஒன்றை வடிவமைத்தேன். துணி வகை, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில்), நூல் கலவை, எந்த ஆடைக்கு ஏற்றது என்ற நான்கு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை அது. 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சியும் 280 ஜிஎஸ்எம் ஃபிளீஸும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தால், தொழில் தெரிந்த பையருக்கு அதுவே போதும். வாங்கியவர்கள் மற்ற எல்லாவற்றையும் மாற்றினாலும் இந்த அட்டவணையில் மட்டும் கை வைப்பதில்லை என்பதில் எனக்குச் சிறிய பெருமை உண்டு.

அதேபோல, சாயக்கழிவு நீரை என்ன செய்கிறார்கள் என்று சொல்வதற்கு ஒரு பகுதி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும், நொய்யல் ஆற்றின் நிலையையும், அதற்குப் பிறகு கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு ஊர் மாற வேண்டியிருந்ததையும் இங்கே எல்லோரும் அறிவார்கள். வெளிநாட்டு பையர்களும் இதைக் கேட்கிறார்கள். எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்திருக்கிறார்கள், நீரில் எவ்வளவு மறுசுழற்சி ஆகிறது என்று இரண்டே வரியில் சொல்ல இடம் கொடுத்தால் கம்பெனிக்காரர் மகிழ்ச்சியோடு நிரப்புகிறார்; ஏனென்றால் அதற்குப் பெரும் பணம் செலவழித்தவர் அவர்.

சான்றிதழ்ச் சின்னங்களில் மட்டும் கறாராக இருந்தேன். மாதிரிப் பக்கம் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக ஜிஓடிஎஸ் (இயற்கை முறை நூலிழைக்கான சான்று), ஓகோ-டெக்ஸ் (தீங்கான வேதிப்பொருள் இல்லாத துணிக்கான சான்று) சின்னங்களை வைத்து விற்றால், வாங்கியவர் அவற்றை நீக்க மறந்துவிட்டாலும் அது பொய்யான உரிமைகோரலாகிவிடும். அந்தச் சின்னங்கள் பதிவு செய்யப்பட்ட வணிகக் குறிகள்; சான்று பெற்றவரே, அதுவும் விதிகளுக்கு உட்பட்டே பயன்படுத்தலாம். ஆகவே என் டெம்ப்ளேட்டில் அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டமும் "சான்றிதழ் எண்ணை இங்கே எழுதவும்" என்ற வரியும்தான் இருக்கின்றன. இதனால் மாதிரிப் பக்கத்தின் கவர்ச்சி குறைகிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். குறைந்துவிட்டுப் போகட்டும்.

இனி கட்டும் வேலை. டெம்ப்ளேட்டுக்கும் ஒரு வாடிக்கையாளருக்காகக் கட்டும் தளத்துக்கும் உள்ள வேறுபாடு, பேட்டர்னுக்கும் (துணி வெட்டும் அச்சு வடிவம்) சாம்பிளுக்கும் உள்ள வேறுபாடுதான். சாம்பிளை மீடியம் சைஸில் ஒரு முறை தைத்து பையரிடம் ஒப்புதல் வாங்கிவிடலாம். ஆனால் கிரேடிங் (ஒவ்வொரு சைஸுக்கும் அளவைக் கூட்டிக் குறைப்பது) சரியில்லாத பேட்டர்ன், டபுள் எக்ஸெல் வரும்போது தோளில் பிடிக்கும். நாம் நிரப்பிப் பார்க்கும் மாதிரி வாசகத்துக்கு மட்டும் பக்கம் அழகாக இருந்து, வாங்குபவருடைய வாசகம் ஏறியதும் உடைந்தால் விற்றது டெம்ப்ளேட் ஆகாது. அவர் மூன்று பொருள்களைப் போடுவாரா முப்பது போடுவாரா, படம் நெட்டுவாக்கில் இருக்குமா அகலவாக்கில் இருக்குமா என்பது நமக்குத் தெரியாது. கம்பெனிப் பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குலதெய்வத்தின் பெயரில் தொடங்கி, தாத்தாவின் பெயர் வழியாகச் சென்று, நிட்வேர்ஸ், கார்மெண்ட்ஸ், எக்ஸ்போர்ட்ஸ் என்று முடியும் பெயர்கள் நம் ஊரில் வழக்கம். மேல்பட்டையில் ஒற்றைச் சொல் லோகோவுக்கு விடப்படும் இடம் அதற்கு ஒருபோதும் போதாது.

இதற்கெல்லாம் சிஎஸ்எஸ்ஸிலேயே வழி இருக்கிறது. பெரிய நூலகம் எதுவும் வேண்டியதில்லை. 2017 மார்ச் முதல் முக்கிய உலாவிகள், பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் அமைப்பை ஏற்றுக்கொண்டுவிட்டன. அதில் ஒரு கட்டத்தின் குறைந்தபட்ச அகலத்தை மட்டும் சொல்லிவிட்டால், எத்தனை பொருள் வந்தாலும் திரைக்கேற்ப வரிசை தானாக அமைந்துகொள்கிறது. பெட்டிகளுக்கு நிலையான உயரம் கொடுக்காமல் குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுக்க வேண்டும். படங்களுக்கு நீள அகல விகிதத்தை முன்பே நிர்ணயித்து, மீறும் பகுதி வெட்டப்படும்படி விட வேண்டும். நிறங்களையும் எழுத்துருவையும் கோப்பின் தலைப்பில் மாறிகளாக எழுதி வைத்தால், வாங்கியவர் அந்த ஆறேழு வரிகளை மாற்றினாலே தளம் முழுதும் மாறிவிடும். பிறகு ஒரு பழக்கம்: பக்கம் முடிந்தது என்று தோன்றும்போது, மாதிரி வாசகத்தை எடுத்துவிட்டு மிக நீளமான பெயர், ஒரே ஒரு பொருள், பொருளே இல்லாத நிலை, படம் ஏறாத நிலை என்று ஒவ்வொன்றாகத் திணித்துப் பார்ப்பது. அலங்காரத்துக்குச் செலவழிக்கும் நேரத்தைவிட இதற்குச் செலவழிக்கும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தமிழ் வாசகம் ஏறும்போது நிகழ்வதோ இன்னும் சுவையானது. ஏற்றுமதித் தளத்துக்குத் தமிழ் எதற்கு என்று கேட்கலாம். ஆள் எடுக்கும் பக்கத்துக்கு வேண்டும். டெய்லர், செக்கிங், அயர்னிங் வேலைக்கு ஆள் தேவை என்று சொல்ல வேண்டியது தமிழில்தான். ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லாக இருந்த பொத்தான் "தொடர்பு கொள்ளுங்கள்" ஆனவுடன் இரண்டு வரியாக மடங்குகிறது. மெனுவில் ஆறு தலைப்புகள் ஒரே வரியில் நிற்க மறுக்கின்றன. வரி உயரத்தைக் குறுக்கி வைத்திருந்தால் மேல்வரியின் ஊகாரக் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் ஈகார மேல்சுழியும் முட்டிக்கொள்கின்றன. எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வரி உயரம் விட்டால் படிக்க வசதியாக இருக்கிறது. ஆங்கில டெம்ப்ளேட்டுகளில் தலைப்புக்கும் உபதலைப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பல நேரம் கேப்பிடல் எழுத்து, ஸ்மால் எழுத்து வைத்தே காட்டுகிறார்கள். நம் எழுத்தில் அப்படி ஒன்று கிடையாது என்பதால், எழுத்தைக் கேப்பிடலாக்கும் சிஎஸ்எஸ் கட்டளை தமிழின் மேல் எந்த விளைவும் இல்லாமல் போய், தலைப்பும் உபதலைப்பும் ஒன்றுபோலத் தெரியும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டு நாகரிகம் காட்டும் பாணியும் தமிழுக்கு ஒவ்வாது. சொல் சிதறிக் கிடப்பதுபோல் தோன்றும். தடிமனாலும் அளவாலும் நிறத்தாலும்தான் வேறுபாட்டைக் காட்ட வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறிப்பிடுவதையும் விட்டுவிடக் கூடாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் எந்தக் குரலில் படிப்பது என்பதை அதை வைத்தே முடிவு செய்கின்றன.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் ஆகிய மூன்றில் ஒன்றைப் பரிந்துரைப்பேன். இவை ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவை. எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் தடை, டெம்ப்ளேட்டோடு சேர்த்துக் கொடுக்கத் தடையில்லை. படங்களில் இந்த வசதி கிடையாது. இலவசப் படத் தளங்களிலிருந்து எடுத்த படத்தை மாதிரிப் பக்கத்தில் காட்டலாமே தவிர, விற்கும் ஜிப் கோப்புக்குள் வைப்பதற்கு முன் அதன் உரிமத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். நான் ஜிப்பில் எந்தப் படத்தையும் வைப்பதில்லை. அளவை எழுதிய வெற்றுக் கட்டங்கள் மட்டுமே உண்டு.

விற்பனைக்கு வருவோம். கம்பெனி முதலாளி டெம்ப்ளேட் வாங்க மாட்டார். அவர் "வெப்சைட் போட்டுக் குடுங்க" என்பார், அதற்குப் பணம் கொடுப்பார், அதோடு மறந்துவிடுவார். டெம்ப்ளேட்டை வாங்குபவர் அவருக்கு அதைப் போட்டுக் கொடுப்பவர்: விசிட்டிங் கார்டும் லேபிளும் ஹேங்டேக்கும் வடிவமைத்துக்கொண்டிருந்து, இப்போது இணையதளமும் செய்து தரும் டிடிபி கடைக்காரர், தனியாக வேலை எடுத்துச் செய்யும் கல்லூரி முடித்த தம்பி. இதைப் புரிந்துகொண்ட பிறகு விளம்பர வாசகம், விலை, உரிமம், விளக்கக் கையேடு எல்லாவற்றையும் அவர்களை மனத்தில் வைத்தே எழுதினேன். பெருந்துறைப் பக்கத்திலிருந்து அழைத்த ஒருவரின் முதல் கேள்வியே, "ஏனுங்கக்கா, ஒருக்கா வாங்கீட்டா எத்தன கம்பெனிக்கு வேணும்னாலும் போட்டுக்கலாமுங்களா?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதனால் இரண்டு உரிமங்கள் வைத்திருக்கிறேன்: ஒரு தளத்துக்கு மட்டும் என்றால் 1,499 ரூபாய், எத்தனை வாடிக்கையாளருக்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், ஆனால் டெம்ப்ளேட்டாகவே மறுவிற்பனை செய்யக் கூடாது என்றால் 4,999 ரூபாய். உள்ளூரில் விற்பவற்றில் இரண்டாவதே அதிகம் போகிறது. உரிமத்தை வழக்கறிஞர் மொழியில் எழுதாமல், செய்யலாம், செய்யக் கூடாது என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன்.

உள்ளூர்க்காரர்கள் யுபிஐயில் அனுப்பிவிடுகிறார்கள். அதில் இடைத்தரகு எதுவும் இல்லை. வெளிநாட்டினருக்கு கம்ரோடு போன்ற ஒரு விற்பனைத் தளம் வேண்டும். அது ஒவ்வொரு விற்பனையிலும் 10 சதவீதமும் கூடவே 50 சென்ட்டும் எடுத்துக்கொள்கிறது. 20 டாலருக்கு விற்றால் இந்தக் கழிவு மட்டும் 2.50 டாலர்; கார்டு பரிவர்த்தனைக் கட்டணம் தனி. பதிலுக்கு, 2025 ஜனவரி முதல் சட்டப்படி விற்பனையாளராக அத்தளமே நின்று, வாங்குபவரின் நாட்டு விற்பனை வரியை வசூலித்துக் கட்டிவிடுகிறது. ஐரோப்பிய நாடுகளின் வாட் வரியை நாமே கணக்குப் பார்க்கும் தொல்லையை நினைத்தால் அந்தக் கழிவு எனக்கு உறுத்தவில்லை. ஆனால் அத்தளத்தின் தேடல் பக்கம் வழியாக வரும் விற்பனைக்குக் கழிவு 30 சதவீதம் என்பதையும் கணக்கில் வைத்தே விலை போட வேண்டும்.

இங்கே வரிக்கணக்கு அவ்வளவு பயமுறுத்துவதல்ல. சேவை வழங்குபவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. வெளிநாட்டுக்கு விற்பது ஏற்றுமதியாகக் கருதப்படுவதால் வரி விகிதம் பூஜ்யம். பதிவு பெற்றவர்கள் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்துவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம். திருப்பூரில் எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் எல்யூடி அவருக்கு அன்றாடச் சோறு என்பது நமக்குள்ள தனி வசதி. வருமான வரிக்கு வேண்டிய ரசீதுகளை மட்டும் முதல் விற்பனையிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும்.

விற்ற பிறகு தொடங்குவது, நான் முன்பு பாதி உண்மை என்று சொன்ன அந்த அலைபேசி வேலை. வரும் கேள்விகளில் டெம்ப்ளேட்டைப் பற்றியவை குறைவு. சர்வரைப் பற்றியவையே அதிகம். "என் கம்ப்யூட்டர்ல படம் வருதுங்க, ஏத்துனா வரமாட்டேங்குது" என்பது நிரந்தரக் கேள்வி. விண்டோஸ் கணினி கோப்புப் பெயரில் கேப்பிடல், ஸ்மால் எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில் ஓடுபவை, அவை பொருட்படுத்தும். அடுத்தது, டிடிபி கடைகளில் பல ஆண்டுகளாகப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி வைத்த வாசகத்தை அப்படியே ஒட்டிவிட்டு, திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வருகின்றன என்று அழைப்பது. அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். மூன்றாவது, தொடர்புப் படிவம். வெறும் எச்டிஎம்எல் பக்கத்தால் தானாக மின்னஞ்சல் அனுப்ப முடியாது, அதற்குப் பின்னால் ஒரு சேவை வேண்டும். பார்வைக்கு மட்டும் படிவத்தை வைத்துவிட்டு, வரும் விசாரணைகளைக் காற்றில் விடும் டெம்ப்ளேட்டுகள் ஏராளம். நான் படிவத்தையே எடுத்துவிட்டு, மின்னஞ்சல் முகவரியையும் வாட்ஸ்அப் பொத்தானையும் வைத்தேன். இங்கே பாதி வியாபாரம் வாட்ஸ்அப்பில்தானே நடக்கிறது. இந்த மூன்றுக்கும் படங்களோடு தமிழில் எழுதிய கையேட்டை ஜிப்பின் முதல் கோப்பாக வைத்த பின் அழைப்புகள் கணிசமாகக் குறைந்தன. வேறு எந்த வசதியையும்விட, தமிழில் கையேடு இருக்கிறது என்பதற்காகவே வாங்கியதாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

திருட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். எச்டிஎம்எல்லைப் பூட்டி வைக்க முடியாது. ஜிப் கோப்பு ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போகத்தான் செய்யும். அதைத் துரத்துவதில் பொழுதைக் கழிப்பதைவிட, வாங்கியவர்களுக்கு மட்டும் புதிய பதிப்பையும் தொலைபேசி உதவியையும் தருவது மேல். உதவி கேட்டு அழைப்பவரிடம் வாங்கிய மின்னஞ்சல் முகவரியைக் கேட்டால் சிலர் "அப்பறம் கூப்படறேனுங்கக்கா" என்று வைத்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருசிலர் பிறகு வாங்கியும் இருக்கிறார்கள்.

இப்போது கரூரின் வீட்டு உபயோகத் துணிக் கம்பெனிகளுக்கான இரண்டாவது டெம்ப்ளேட்டில் இருக்கிறேன். பெட்ஷீட், துண்டு, திரைச்சீலை என்று வரும்போது துணி அட்டவணையில் நான்கு நெடுவரிசைகள் போதவில்லை. நூல் எண்ணிக்கை, துணியின் அகலம், முடிந்த பொருளின் அளவு ஆகியவையும் வேண்டும், அளவைச் சென்டிமீட்டரிலும் அங்குலத்திலும் தர வேண்டும். ஏழு நெடுவரிசைகளைக் கைப்பேசித் திரையில் பக்கவாட்டில் இழுத்துப் படிக்க வைக்க எனக்கு மனமில்லாததால், சிறிய திரையில் ஒவ்வொரு வரியும் தனி அட்டையாக மாறும் முறையை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.